வாசகர் கேள்வி–பதில்: வரைபடத்தில் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

குற்றச் சம்பவங்களை வரைபடத்தில் புள்ளியாக வைக்கத் தெரிந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்: குற்றம் குவியும் இடங்களை, அதாவது ஹாட்ஸ்பாட்டுகளை, கண்டுபிடிப்பது. எடுத்துக்காட்டுக்குச் சிகாகோ நகரக் காவல் துறையின் பொதுத் தரவை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 2001 முதல், கடைசி 7 நாள் நீங்கலாக, சம்பவ வாரியான பதிவுகளை நகரத்தின் தரவுத் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் சொல்வதை நீங்களே செய்து பார்த்துச் சரிபார்க்க முடியும். வரைபடம் போடும் க்யூஜிஐஎஸ், புள்ளியியல் சோதனை செய்யும் ஜியோடா என்ற இரண்டு மென்பொருள் பெரும்பாலும் போதும். இரண்டுக்கும் காசு இல்லை.

சிகாகோவின் கன்னக்களவுப் பதிவுகளைக் க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றி ஹீட்மேப், அதாவது புள்ளிகள் நெருங்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் படம், போட்டேன். ஆரம் 500 என்று கொடுத்தால் கருவி வேலையே செய்வதில்லை. 0.005 என்று கொடுத்தால் அழகாக வருகிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?
– புவியியல் முதுநிலை மாணவி, திருச்சி

கூடாது. உங்கள் லேயர், அதாவது ஏற்றிய தரவு அடுக்கு, இன்னும் டிகிரியில் இருக்கிறது. ஹீட்மேப் கருவி ஆரத்தை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் பரவும் தூரத்தை, லேயரின் அலகிலேயே எடுத்துக்கொள்ளும் என்பதால், நீங்கள் 500 மீட்டர் என்று நினைத்தது அதற்கு 500 டிகிரி. 0.005 கொடுத்ததும் படம் வருகிறது, ஆனால் வட்டம் வட்டமாக இல்லை. சிகாகோவின் அட்சரேகையில் 1 டிகிரி என்பது வடக்கு–தெற்காக ஏறத்தாழ 111 கி.மீ.; கிழக்கு–மேற்காக 83 கி.மீ.தான். ஆகவே உங்கள் ஆரம் மேலும் கீழும் 555 மீட்டர், பக்கவாட்டில் 415 மீட்டர். ஒவ்வொரு புள்ளியும் முட்டை வடிவில் பரவியிருக்கிறது. திருச்சியில் இந்த இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் உள்ளூர்த் தரவில் இதே தவறு கண்ணில் படாமல் தப்பிவிடும்.

சரியான வழி: சிஎஸ்வி கோப்பை 'டிலிமிட்டட் டெக்ஸ்ட்' லேயராக ஏற்றும்போது எக்ஸ் புலத்துக்குத் தீர்க்கரேகை, ஒய் புலத்துக்கு அட்சரேகை, ஆயமுறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) டிகிரியில் அமைந்த இபிஎஸ்ஜி 4326. பிறகு 'ரீபுரொஜெக்ட் லேயர்' கருவியால் இபிஎஸ்ஜி 32616க்கு, அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 16 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். அதன் பிறகு எல்லா அளவும் மீட்டரில். இந்த இடத்தில் பலர் 'செட் லேயர் சிஆர்எஸ்' என்பதை அழுத்திவிடுகிறார்கள். அது எண்களை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். விளைவு, சிகாகோவின் அத்தனை திருட்டும் பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகள் பக்கம் போய் ஒரே புள்ளியாக விழும். எக்ஸ், ஒய் இடம் மாறியிருந்தால் புள்ளிகள் அண்டார்டிகாவில் இருக்கும். புள்ளி எங்கே போய் விழுந்தது என்று பார்த்தாலே எந்தத் தவறு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. இதே கோப்பில் சில பதிவுகள் மிசௌரி மாநிலத்தில் ஒரே இடத்தில், அட்சரேகை 36.6, தீர்க்கரேகை –91.7 அருகே குவிந்திருக்கும். அங்கே எந்தக் குற்றமும் நடக்கவில்லை. இல்லினாய் மாநில ஆயமுறையில் எக்ஸும் ஒய்யும் 0 என்று பதிவானவை டிகிரிக்கு மாறும்போது அங்கே போகின்றன. ஆயமே இல்லாத வரிகளும் உண்டு. இரண்டையும் நீக்குங்கள், எத்தனை நீக்கினீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

ஆரமும் கட்ட அளவும் எவ்வளவு வைப்பது? ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொன்று சொல்கிறது.
– ஆய்வு மாணவர், கோவை

ஹீட்மேப்பில் மற்ற எல்லாத் தேர்வையும்விட ஆரம்தான் படத்தை ஆளுகிறது. குவார்ட்டிக்கா, முக்கோணமா என்ற கர்னல் வடிவத்தை, அதாவது புள்ளியின் கனம் ஓரம் நோக்கிக் குறையும் விதத்தை, மாற்றினால் பெரிதாக எதுவும் மாறாது. ஆரத்தை இரட்டிப்பாக்கினால் வேறு ஊர் போலத் தெரியும்.

தொடங்குவதற்கு நடைமுறையில் உள்ள கணக்கு இது: ஆய்வுப் பகுதியைச் சுற்றி ஒரு செவ்வகம் போடுங்கள். அதன் குறுகிய பக்கத்தை 150ஆல் வகுத்தால் கட்ட அளவு, அதாவது படம் பிரியும் சிறு சதுரத்தின் பக்கம். அதன் 5 மடங்கு ஆரம். சிகாகோவின் குறுகிய பக்கம் சுமார் 35 கி.மீ. ஆகவே கட்டம் 233 மீட்டர், ஆரம் 1,165 மீட்டர். குறுகிய பக்கம் 9 கி.மீ. உள்ள ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் கட்டம் 60 மீட்டர், ஆரம் 300 மீட்டர்.

இங்கே நின்று தரவைப் பாருங்கள். சிகாகோ முகவரியின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்தே தருகிறது. புள்ளியும் உண்மையான வீட்டில் இருக்காது, அதே பிளாக்கில், அதாவது இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதியில், வேறோர் இடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கும். அந்த ஊரின் வழக்கமான நீளப் பிளாக் மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 200 மீட்டர். அப்படியிருக்க 60 மீட்டர் கட்டம் தரவில் இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறது. இந்தக் கோப்புக்கு 100 மீட்டருக்குக் கீழே கட்டத்தையும் 200 மீட்டருக்குக் கீழே ஆரத்தையும் நாங்கள் இறக்க மாட்டோம். பிரிட்டனின் காவல் தரவில் இது இன்னும் கூடுதல்: அங்கே ஒவ்வொரு சம்பவமும் முன்பே குறித்துவைத்த பெயரற்ற புள்ளி ஒன்றுக்கு இழுத்துவைக்கப்படுகிறது. குறைந்தது 8 அஞ்சல் முகவரிகள் அடங்கிய வட்டாரத்துக்கு, அல்லது முகவரியே இல்லாத பூங்கா போன்ற இடத்துக்கு, ஒரு புள்ளி. அந்தத் தரவில் தெரியும் 'ஒரே முனையில் 40 சம்பவம்' என்பது பெரும்பாலும் அந்த இழுப்பின் வேலை.

ஆரத்தைப் பெரிதாக வைத்தாலும் ஆபத்து உண்டு. மினியாபொலிஸ் நகரத்தைப் பற்றி ஷெர்மனும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், காவல் அழைப்புகளில் பாதி வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்ததாகக் கண்டார்கள். குற்றம் அவ்வளவு நெருங்கிக் குவிவது. 1,165 மீட்டர் ஆரம் ஒரு மதுக்கடை வாசலின் கணக்கைச் சுற்றியுள்ள நூறு வீடுகள் மேலும் பூசிவிடும். எனவே ஒரே தரவுக்கு 300, 600, 1,200 மீட்டர் என மூன்று படம் போடுங்கள். மூன்றிலும் நிற்கும் இடங்களை நம்பலாம். 300இல் மட்டும் தெரிந்து மறைவதைத் தனியே திறந்து பாருங்கள். பல நேரம் அது ஒரே முகவரியாக இருக்கும்.

எல்லையோரத்தையும் மறக்காதீர்கள். கிழக்கே மிச்சிகன் ஏரிக்குள் நிறம் வழியும். நகர எல்லையால் வெட்டிவிடுங்கள். மேற்கே ஓக் பார்க் போன்ற அண்டை ஊர்களின் குற்றங்கள் இந்தக் கோப்பில் இல்லாததால், ஓரத்துத் தெருக்கள் உள்ளதைவிட அமைதியாகத் தெரியும். நார்ரிஜ், ஹார்வுட் ஹைட்ஸ் இரண்டும் சிகாகோவால் சூழப்பட்ட தனி ஊர்கள். படத்தில் அவை குற்றமே நடக்காத ஓட்டை போல இருக்கும். அது அமைதி அல்ல, தரவு இல்லாமை.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது ஆரம், கட்டம், நிற வகுப்புகளின் எல்லை எண்கள் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருள் தானாக வகுப்புப் பிரித்தால், குற்றம் பாதியாகக் குறைந்த ஆண்டிலும் அதே அளவு சிவப்பு இருக்கும்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ஹாட்ஸ்பாட்தானா? தற்செயலாக அப்படி விழுந்திருக்க முடியாதா?
– கணினி அறிவியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

முடியும். ஹீட்மேப் ஒரு பரப்பை வழவழப்பாக்கிக் காட்டுவதோடு நின்றுவிடும். தற்செயலா இல்லையா என்று சொல்லாது. அதற்குக் கெடிஸ்–ஆர்ட் உள்ளூர்ச் சோதனை, ஜி ஸ்டார் என்று குறிப்பது, பயன்படும். ஒரு கட்டத்தையும் அதன் அண்டைக் கட்டங்களையும் சேர்த்துக் கூட்டி, அந்தத் தொகை நகரம் முழுக்க எதிர்பார்க்கும் அளவைவிட வெகுவாக உயர்ந்திருக்கிறதா என்று அது கேட்கிறது.

செய்முறை: க்யூஜிஐஎஸ்ஸில் 'கிரியேட் கிரிட்' கருவியால் 500 மீட்டர் சதுரங்கள். நகர எல்லைக்குள் வருபவற்றை மட்டும் வைத்து, 'கவுண்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகன்' கருவியால் ஒவ்வொன்றிலும் எத்தனை சம்பவம் என்று எண்ணுங்கள். அதைச் சேமித்து ஜியோடாவில் திறந்து, எடை மேலாளரில் 'குயின்' வகை அண்டை உறவை உருவாக்குங்கள். மூலையில் தொடுவதும் அண்டையே என்று பொருள். பிறகு 'லோக்கல் ஜி ஸ்டார்'. எத்தனை முறை எண்களைத் தற்செயலாகக் கலைத்துப் போட்டு ஒப்பிடுவது என்பது முதலில் 999 என்று இருக்கும். அதை 9,999 ஆக்குங்கள்.

சிகாகோவுக்கு இப்படிச் சுமார் 2,400 கட்டங்கள் வரும். 5 சதவீத அளவில் சோதித்தால், எந்தக் குவியலும் இல்லாத ஊரிலும் 120 கட்டங்கள் வரை தற்செயலாகவே தேறிவிடும். ஆகவே ஜியோடாவின் முக்கியத்துவ வடிகட்டியில், இப்படித் தவறாகத் தேறுபவற்றின் பங்கைக் கட்டுப்படுத்தும் 'ஃபால்ஸ் டிஸ்கவரி ரேட்' திருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் வெளியாகும் படங்கள் ஏராளம், அதில் எங்களுக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்த 120இல் ஏதோ ஒன்றில் யாரோ குடியிருக்கிறார்கள்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, காலிக் கட்டங்கள். ஏரியையும் ஓ'ஹேர் விமான நிலைய ஓடுதளங்களையும் சேர்த்துக்கொண்டால் சராசரி இறங்கி, சாதாரணக் குடியிருப்பெல்லாம் சிவக்கும். மாறாக, பரபரப்பான ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் உண்மையான ஹாட்ஸ்பாட்டே மறையும். இந்தச் சோதனையின் பதில் எப்போதும் 'எதோடு ஒப்பிட்டு' என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, மிகச் சிறிய கட்டம். பெரும்பாலான கட்டங்களில் 0 அல்லது 1 இருந்தால் கணக்கு தள்ளாடும். சராசரியாகக் கட்டத்துக்கு 2, 3 சம்பவமாவது வரும்படி கட்டத்தையோ கால அளவையோ பெரிதாக்குங்கள்.

மக்கள்தொகையால் வகுக்காத குற்ற வரைபடம் தவறு என்கிறார்களே?
– வாசகர், சேலம்

என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரோந்தை எங்கே அனுப்புவது என்றால் எண்ணிக்கையே சரி. ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து என்றால் வகுக்கத்தான் வேண்டும், ஆனால் எதால் என்பதில் கவனம் தேவை. சிகாகோவின் 77 சமூகப் பகுதிகளில் 76வது ஓ'ஹேர். விமான நிலையம்தான் பெரும்பகுதி. அங்கே நடக்கும் திருட்டை அங்கே குடியிருக்கும் சிலரால் வகுத்தால் உலகிலேயே ஆபத்தான இடமாகிவிடும். நகர மையமான லூப் பகுதியும் அப்படியே: பகலில் வந்து போகிறவர்கள் பல மடங்கு. கன்னக்களவை வீடுகளின் எண்ணிக்கையாலும், வாகனத் திருட்டை வாகனங்களின் எண்ணிக்கையாலும், ஜேப்படியை நடமாடும் கூட்டத்தின் மதிப்பீட்டாலும் வகுக்கப் பாருங்கள். வகுக்கும் எண் மிகச் சிறியதாக உள்ள பகுதிகளுக்கு ஜியோடாவில் 'எம்பிரிக்கல் பேய்ஸ்' சமனாக்கம் இருக்கிறது. அது ஒற்றைச் சம்பவத்தால் எகிறும் வீதத்தை மொத்தச் சராசரியை நோக்கி இழுத்துப் பிடிக்கும்.

திருட்டு எப்போது நடந்தது என்பதே தெரியாதபோது நேர வரைபடம் எப்படிப் போடுவது?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பைக்கை இரவு 9 மணிக்கு நிறுத்தினார், காலை 6 மணிக்குப் பார்த்தால் இல்லை. பலர் நடுநேரத்தை எடுத்து 1.30 என்று போடுகிறார்கள். இரவு நிறுத்தி, காலையில் பார்க்கும் எல்லோருக்கும் நடுநேரம் அங்கேதான் விழும். திருடன் 1.30க்கு வருகிறான் என்ற பொய் உச்சம் இப்படி உருவாகிறது. வெள்ளி காலை 10 மணிக்குப் பூட்டிய வீட்டை ஞாயிறு இரவு 8 மணிக்குத் திறந்தால், நடுநேரம் சனி பிற்பகல் 3 மணி. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இதற்கு 1998இல் ராட்கிளிஃப், மக்குல்லாக் இருவரும் முன்வைத்த அயோரிஸ்டிக் முறை எளிது: சம்பவத்தை அது நடந்திருக்கக்கூடிய மணிநேரங்களுக்குச் சமமாகப் பங்கிடுங்கள். பைக்குக்கு 9 மணிநேரம், ஆகவே ஒவ்வொரு மணிக்கும் 9இல் ஒரு பங்கு. பூட்டிய வீட்டுக்கு 58 மணிநேரம், மணிக்கு 58இல் ஒரு பங்கு. எல்லாச் சம்பவத்தின் பங்குகளையும் மணி வாரியாகக் கூட்டினால் நாளின் வடிவம் வரும். எக்ஸெலிலேயே செய்யலாம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒவ்வொரு சம்பவத்துக்கும் எவ்வளவு பங்கு என்பதை ஒரு பத்தியில் வைத்துக்கொண்டு, க்யூஜிஐஎஸ் ஹீட்மேப்பில் அதையே எடைப் புலமாகக் கொடுத்தால் இரவுக்கான வரைபடம் கிடைக்கும்.

சிகாகோ கோப்பில் இதைச் செய்ய முடியாது. அதில் ஒற்றை நேரம்தான், அதுவும் சில நேரம் மதிப்பீடு. நள்ளிரவு 12, நண்பகல் 12, மாதத்தின் 1ஆம் தேதி ஆகியவற்றில் திடீர்க் குவியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரம் தெரியாதவர்கள் நிரப்பும் இடங்கள் அவை. பிரிட்டன் தரவில் மாதம் மட்டுமே உண்டு.

ஒரு வீட்டில் கன்னக்களவு நடந்தால் பக்கத்து வீடுகளுக்கும் சில வாரம் ஆபத்து என்கிறார்கள். எங்கள் தரவில் அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?
– தரவுப் பணியாளர், திருநெல்வேலி

பிரிட்டனில் ஷேன் ஜான்சன், கேட் போவர்ஸ் ஆய்வுகளில் ஏறத்தாழ 400 மீட்டர் தூரமும் ஒன்றிரண்டு மாதமும் வரை இந்த ஆபத்து நீடித்தது. அது அவர்கள் ஊர்க் கணக்கு. உங்கள் ஊரில் வீடுகள் அமைந்திருக்கும் விதம் வேறு. சோதித்துத்தான் தெரியும்.

முறையின் பெயர் நாக்ஸ் சோதனை, 1964இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க் குவியல்களுக்காக வந்தது. சம்பவங்களை இரண்டிரண்டாக எல்லா வகையிலும் இணை சேர்க்கிறோம். 1,000 சம்பவத்துக்கு 4,99,500 இணைகள். எத்தனை இணைகள் 200 மீட்டருக்குள்ளும் 14 நாளுக்குள்ளும் இருக்கின்றன என்று எண்ணுகிறோம். பிறகு இடங்களை அப்படியே வைத்துத் தேதிகளை மட்டும் 999 முறை கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் எண்ணுகிறோம். உண்மை எண்ணிக்கை கலைத்துப் போட்ட சராசரியைவிட 20 சதவீதமாவது கூடி, கலைத்த எண்ணிக்கை 999இல் 49 முறைக்கு மேல் அதை எட்டாமல் இருந்தால் பொருட்படுத்தலாம். டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி ராட்கிளிஃப் உருவாக்கிய 'நியர் ரிப்பீட் கால்குலேட்டர்' இதை இலவசமாகச் செய்கிறது. எக்ஸ், ஒய், தேதி மூன்றே பத்தி. ஆயம் மீட்டரில் இருக்க வேண்டும்.

கெடுப்பவை: புகார் தேதியைச் சம்பவத் தேதியாகப் போடுவது, ஒரே இரவில் ஒரே அடுக்குமாடியில் 6 வீடு உடைக்கப்பட்டு 6 பதிவானால் 'அதே நாள், அதே இடம்' கணக்கு ஊதிப்போவது. ஆறையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சிகாகோ போல நகர்த்திய புள்ளிகளில் 'அதே வீடு', 'பக்கத்து வீடு' என்று பிரிக்கவே இயலாது. அங்கே முதல் தூர அடுக்கை 200 மீட்டராக வைப்பதே நேர்மை.

ஹாட்ஸ்பாட் வரைபடம் நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?
– ஆய்வு மாணவர், சென்னை

படம் போடப் பயன்படுத்தாத மாதத்தை வைத்து. ஜனவரி முதல் ஜூன் வரை உள்ள தரவில் படம் போடுங்கள், ஜூலையைப் பூட்டி வையுங்கள். ஜூலைச் சம்பவங்கள் 120இல் 30 உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்குள் விழுந்தால் 25 சதவீதம். அந்த ஹாட்ஸ்பாட்டுகள் ஊரின் பரப்பில் 5 சதவீதம் என்றால், 25ஐ 5ஆல் வகுக்க 5. இந்தக் கணிப்புத் துல்லியக் குறியீட்டை 2008இல் செய்னியும் சகாக்களும் அறிமுகப்படுத்தினார்கள். 1 வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறித்ததற்குச் சமம். பரப்பைச் சுருக்கச் சுருக்கக் குறியீடு எளிதாக ஏறும் என்பதால், இரண்டு முறைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே பரப்பு கொடுங்கள். 'சென்ற ஆண்டு அதிகம் நடந்த கட்டங்கள்' என்ற எளிய பட்டியலையும் போட்டியில் சேருங்கள். பல நேரம் அதுவே போதுமானதாக இருக்கும்.

ஆனால் எந்தக் குற்றம் என்பது இங்கே முக்கியம். கன்னக்களவைப் பறிகொடுத்தவர் வந்து சொல்கிறார். போதைப்பொருள் வழக்கு காவலர் போன இடத்தில் பதிவாகிறது. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத் தரவை வைத்துக் கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் 2016இல் காட்டியது இதுதான்: போதைப் பழக்கம் ஊரெங்கும் பரவியிருக்கும் என்று கணக்கெடுப்பு சொன்னது, ஆனால் ஏற்கெனவே அதிகம் கைது செய்யப்பட்ட சில வட்டாரங்களுக்கே கணிப்பு மென்பொருள் காவலரை மீண்டும் மீண்டும் அனுப்பியிருக்கும். அப்படிப்பட்ட பதிவுகளில் குறியீடு 5 வந்தாலும் 8 வந்தாலும், அது ரோந்தின் தடத்தை ரோந்து மறுபடி கண்டுபிடிப்பது. அவற்றை இந்த முறையில் போடவே வேண்டாம்.

நம் ஊர்த் தரவில் இதையெல்லாம் செய்ய முடியுமா?
– மேலே கேட்ட திருச்சி மாணவியின் இரண்டாவது கேள்வி

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடுவது மாநிலம், மாவட்டம், பெருநகரம் அளவிலான அட்டவணைகள். அதில் மாவட்டத்துக்கு ஒரு நிறமாகத் தீட்டும் நிறவகுப்பு வரைபடம் போடலாம், ஹாட்ஸ்பாட் தேட முடியாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள பிரிவுகளைப் பொருத்திப் பார்க்காமல் போக்கு வரைய வேண்டாம்.

முதல் தகவல் அறிக்கைகளைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தால், சம்பவ இடம் என்ற பகுதியில் காவல் நிலையத்திலிருந்து திசையும் தூரமும் எழுதியிருக்கும். 'வடகிழக்கே 2 கி.மீ.' என்பதை ஒரே புள்ளியாக வைக்காதீர்கள். எட்டுத் திசையில் ஒன்று என்றால் 45 டிகிரி வில், 2 கி.மீ. தூரத்தில் அதன் நீளமே ஒன்றரை கி.மீ.க்கு மேல். கீழே எழுதியுள்ள முகவரியிலிருந்து இடத்தைத் தேடுங்கள். திசையையும் தூரத்தையும் அது சரியா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். குறைந்தது 85 சதவீதப் பதிவுகளுக்கு இடம் கிடைக்காவிட்டால் வரைபடம் நம்பத்தக்கதல்ல என்பது ராட்கிளிஃப் 2004இல் கணக்கிட்டுச் சொன்ன எல்லை. கிடைக்காத மீதி எந்த நிலையங்களில் குவிகிறது என்றும் பாருங்கள். கதவிலக்கம் இல்லாத புதுநகர்களும் குடிசைப் பகுதிகளுமே பெரும்பாலும் விடுபடும்.

மண்டலத்தைப் பொறுத்தவரை, யூடிஎம் 43க்கும் 44க்கும் எல்லைக்கோடான 78 டிகிரி தீர்க்கரேகை, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே போகிறது. கோவை, ஈரோடு, நெல்லை 43இல், அதாவது இபிஎஸ்ஜி 32643. சென்னை, திருச்சி, மதுரை, சேலம் 32644. கோட்டின் இரு பக்கமும் பரவும் பகுதி என்றால் ஒன்றை மட்டும் தேர்ந்து எல்லா லேயரையும் அதற்கே மாற்றுங்கள். எல்லையருகே வரும் தூரப் பிழை கிலோமீட்டருக்குச் சுமார் 1 மீட்டர்தான்; இரண்டு மண்டலத்தைக் கலந்தால் புள்ளிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும்.